பிரெஞ்சுத் திரைவிழாவில் வொலோஃப் பேச்சு

பெல்ஜியத்தின் தென்பாதியான வலோனியாவில், மியூஸ் ஆறும் சாம்ப்ர் ஆறும் கூடும் இடத்தில் நமூர் நகரம் இருக்கிறது. கூடுதுறைக்கு மேலே பழைய மலைக்கோட்டை, அடிவாரத்தில் வலோனிய நாடாளுமன்றம், அதையொட்டிக் குறுகலான கடைத்தெருக்கள். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ, ஏறத்தாழ ஒரு வாரம், இந்த ஊர் பிரெஞ்சு மொழித் திரைப்படங்களுக்கான சர்வதேச விழாவை நடத்துகிறது. 1986இல் தொடங்கியது, 2025இல் நாற்பதாவது விழா. கான் விழாவின் பகட்டு இங்கே கிடையாது. படம் வாங்க வரும் பெரும் வியாபாரிகளின் கூட்டமும் குறைவுதான். ஆனால் ஒரு மொழியின் பேரைச் சொல்லிக் கூடும் விழா அந்த மொழியின் எல்லையை எங்கே போடுகிறது, யார் செலவில் போடுகிறது என்று பார்க்க நினைப்பவருக்கு நமூர் நல்ல இடம்.

தொடங்கிய ஆண்டையே முதலில் பார்க்கலாம். 1986 பிப்ரவரியில் பிரெஞ்சு பேசும் நாடுகளின் தலைவர்கள் முதன்முறையாகப் பாரிஸில் கூடி உச்சி மாநாடு நடத்தினார்கள். பிரான்சுவா மித்தரான் கூட்டிய மாநாடு அது. அதே ஆண்டின் இறுதியில் நமூரை வலோனியாவின் தலைநகராக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில்தான் திரைவிழாவும். தலைநகர் என்ற தகுதி கைக்கு வரவிருந்த சிற்றூர், அந்தத் தகுதிக்கு ஏற்றதாக ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. பிரஸ்ஸல்ஸிடம் பணம் இருந்தது, லியேஜிடம் தொழிற்சாலையும் மக்கள்தொகையும் இருந்தன. நமூர் மொழியைக் கையில் எடுத்தது.

பெல்ஜியத்தில் மொழியைக் கையில் எடுப்பது சாதாரணக் காரியமல்ல. நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கினர் வடக்கே ஃபிளாண்டர்ஸில் டச்சு பேசுகிறார்கள். தெற்கே வலோனியாவிலும் பிரஸ்ஸல்ஸின் பெரும்பகுதியிலும் பிரெஞ்சு. கிழக்கு ஓரத்தில் சிறிதளவு ஜெர்மன். 1968இல் லூவான் பல்கலைக்கழகத்திலிருந்து பிரெஞ்சுப் பிரிவு வெளியேற வேண்டும் என்ற போராட்டத்தில் அரசாங்கமே கவிழ்ந்தது. பிறகு பல்கலைக்கழகம் இரண்டானது. நூலகத்தையும் பிரிக்க வேண்டியிருந்தது. அடுக்கு எண் ஒற்றைப்படையானால் ஒரு பக்கம், இரட்டைப்படையானால் மறுபக்கம் என்று புத்தகங்களைப் பங்கிட்டார்கள். சொத்துத் தகராறில் அண்டாவை இரண்டாக வெட்டிய கதை மாதிரிதான். மொழிவாரி மாநிலங்களின் வரலாற்றோடு வளர்ந்த நமக்குப் பெல்ஜியத்தின் கோபம் புரியும். இந்தப் பங்கீட்டு முறை மட்டும் புரியாது.

திரைப்படமும் அப்படியே பிரிந்தது. மானியம் தர டச்சுப் பகுதிக்கு ஓர் அமைப்பு, பிரெஞ்சுப் பகுதிக்கு வேறொன்று. 'பெல்ஜியப் படம்' என்று சொல்லப்படுவது நிர்வாக அளவில் இரண்டு தனித்தனிக் கணக்குகள். இதில் பிரெஞ்சுப் பகுதிக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. ஃபிளாண்டர்ஸின் படத்துக்கு அதன் மொழியே ஒரு வேலி. அதைத் தாண்டி வெளியார் எளிதில் வருவதில்லை. வலோனியாவுக்கு அந்த வேலி இல்லை. பக்கத்திலேயே பிரான்ஸ், அதே மொழி, நட்சத்திரங்கள் அங்கே, விளம்பரம் அங்கே, பத்திரிகைகளும் அங்கே. உள்ளூர்ப் படம் ஹாலிவுட்டோடு மட்டுமல்லாமல் பாரிஸோடும் திரையரங்குக்காக மல்லுக்கட்ட வேண்டும். நன்றாக ஓடினாலோ அந்தப் படமும் அதன் நடிகரும் பிரெஞ்சுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். நமூரில் பிறந்த பெனுவா புல்வோர்ட், 1992இல் நண்பர்களோடு சில்லறைக் காசில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமொன்றில் கொலைகாரனாக நடித்துப் புகழ்பெற்றார். சில ஆண்டுகளுக்குள் அவர் பிரான்ஸின் நகைச்சுவை நடிகராகிவிட்டார். தார்தென் சகோதரர்கள் ஒரு விதிவிலக்கு. 1999இல் 'ரொசெத்தா', 2005இல் 'குழந்தை' என்று இரண்டு முறை கான் விழாவின் தங்கப் பனையை வென்ற பிறகும் அவர்கள் கேமராவை லியேஜையும் அதன் அருகிலுள்ள செராங் ஆலைப் பகுதியையும் விட்டு நகர்த்தவில்லை.

ஆக, நமூர் விழாவுக்குப் பின்னால் இருந்த கணக்கு எளிது. பாரிஸோடு தனியாக மோத முடியாது. பாரிஸின் நிழலில் நிற்கும் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டால்? கியூபெக், செனகல், மொராக்கோ, சுவிட்சர்லாந்து, துனிசியா, கம்போடியா, ருமேனியா. பிரான்ஸும் உண்டு, ஆனால் பந்தியில் ஒருவராக, பந்தி வைப்பவராக அல்ல.

விழாவின் பரிசுக்குத் 'தங்க பயார்' என்று பெயர். பயார் ஒரு குதிரை. ஆர்தென் காட்டுப் பகுதியின் இடைக்காலக் கதைகளில் எய்மோனின் நான்கு மகன்களையும் ஒரே முதுகில் சுமந்து ஓடுவது இந்தக் குதிரைதான். சக்கரவர்த்தி ஷார்லமேன் அவர்கள்மேல் கோபம்கொண்டு படையெடுக்கிறார். கடைசியில் சமாதானத்துக்கு விலையாகக் குதிரையைக் கேட்டு வாங்கி, கழுத்தில் ஆலைக்கல்லைக் கட்டி மியூஸ் ஆற்றில் தள்ளுகிறார். குதிரை கல்லை உதைத்து உடைத்துக் கரையேறிக் காட்டுக்குள் மறைந்துவிடுகிறது. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக ஒலிவியே ஸ்ட்ரபெல் செய்த பயார் சிற்பம் இன்று நமூரில் ஆற்றங்கரையில் நிற்கிறது. சக்கரவர்த்தியிடமிருந்து தப்பிய குதிரையைப் பரிசாகக் கொடுக்கும் ஊருக்குப் பாரிஸைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

இதே மொழியுலகில் இன்னொரு குதிரையும் உண்டு. புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் 1969இல் தொடங்கிய ஆப்பிரிக்கத் திரைவிழாவான ஃபெஸ்பாக்கோவின் தலைமைப் பரிசு 'யெனெங்காவின் குதிரை'. மோசி மக்களின் மூதாய் எனச் சொல்லப்படும் இளவரசி யெனெங்கா ஏறி வந்த குதிரை அது. அந்த விழா தன்னைப் பிரெஞ்சு மொழி விழா என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை; ஆப்பிரிக்க விழா என்றே சொல்லிக்கொள்கிறது. ஆனால் அங்கே பரிசு பெற்ற படங்களில் பல பிரெஞ்சு நிதியில் எடுக்கப்பட்டவை, பிரெஞ்சுத் துணைத்தலைப்போடு ஓடுபவை. நமூரில் திரையிடப்படும் ஆப்பிரிக்கப் படங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்தின் வரலாறு தெரியாமல் நமூரின் நிகழ்ச்சிநிரலைப் படித்தால் பாதிதான் புரியும்.

1934இல் பிரெஞ்சுக் குடியேற்றநாட்டு அமைச்சர் பியேர் லவால் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் படமெடுக்க நினைப்பவர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கதையையும் காட்ட வேண்டும். ஆப்பிரிக்கர் கையில் கேமரா போகாமல் இருக்க இது போதுமானதாக இருந்தது. பாரிஸ் திரைப்படப் பள்ளியில் படித்த முதல் ஆப்பிரிக்கரான போலின் சுமானு வியேரா தன் மண்ணில் படமெடுக்க வழியில்லாமல், 1955இல் பாரிஸிலேயே கேமராவைத் தூக்கினார். மாமதூ சாரோடு சேர்ந்து அவர் எடுத்த 'சேன் நதிக்கரை ஆப்பிரிக்கா' என்ற குறும்படம் பாரிஸின் ஆப்பிரிக்க மாணவர்களைப் பற்றியது. ஆப்பிரிக்கத் திரைப்படத்தின் தொடக்கப் படைப்புகளில் ஒன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே பிறக்க நேர்ந்தது இப்படித்தான்.

விடுதலைக்குப் பிறகு ஆணை போய் நிதி வந்தது. 1963இல் பிரெஞ்சு ஒத்துழைப்பு அமைச்சகம் ஆப்பிரிக்கத் திரைப்படத்துக்கென ஒரு பிரிவைத் திறந்தது. அந்த நிதி இல்லாமல் 1960களின், 70களின் ஆப்பிரிக்கத் திரைப்படம் இல்லை. அந்த நிதியோடு சண்டை போடாத பெரிய இயக்குநரும் இல்லை. உஸ்மான் செம்பேனை எடுத்துக்கொள்வோம். மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பிரெஞ்சில் நாவலாசிரியராகப் பெயரெடுத்தவர். தான் யாருக்காக எழுதுகிறாரோ அவர்களுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது என்பதால் நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோவுக்குப் போய்த் திரைப்படம் கற்றுக்கொண்டார். 1966இல் வந்த அவருடைய 'லா நுவார் து' படத்தின் நாயகி தியுவானா, டக்காரிலிருந்து தென்பிரான்ஸின் ஆன்த்தீபுக்கு வீட்டுவேலைக்கு வந்த பெண். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் படம் முழுக்க அவள் மனத்துக்குள் பேசிக்கொள்வது நல்ல பிரெஞ்சில். அந்தக் குரலும் நடித்த பெண்ணுடையதல்ல. ஹைத்தியைச் சேர்ந்த பாடகி தோத்தோ பிசாந்த் கொடுத்தது. செனகல் பெண்ணின் தனிமையை ஹைத்திப் பெண் பிரெஞ்சில் பேசுகிறார். பிரெஞ்சு மொழித் திரையுலகம் எவ்வளவு அகலமானது, எவ்வளவு கோணலானது என்பது இந்த ஒரு குரலிலேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டாண்டு கழித்து 'மந்தாபி' வந்தது. டக்காரில் வேலையில்லாத இப்ராஹிமா தியெங்குக்குப் பாரிஸில் தெருக்கூட்டும் மருமகன் 25,000 பிராங்குக்கு மணியார்டர் அனுப்புகிறான். தபால்காரர் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்த நாளிலேயே மனைவிமார் கடையில் அரிசியைக் கடனுக்கு வாங்கிவிடுகிறார்கள். தியெங்குக்கு வாசிக்கத் தெரியாது. தபால் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்குக் காசு கொடுத்துக் கடிதத்தைப் படிக்கச் சொல்கிறார். பணத்தை எடுக்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் பிறந்த தேதி வேண்டும்; அது அவருக்குத் தெரியாது. புகைப்படம் வேண்டும், எடுக்கப்போன இடத்தில் ஏமாற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் நிற்பவன் பிரெஞ்சு தெரிந்தவன். கடைசியில் நல்ல கோட்டும் நல்ல பிரெஞ்சும் உள்ள உறவுக்காரன் ஒருவன் உதவுவதாகச் சொல்லி மொத்தப் பணத்தையும் விழுங்கிவிடுகிறான்.

இந்தப் படத்தைச் செம்பேன் செனகலின் வொலோஃப் மொழியில் எடுத்தார். ஆனால் செலவில் ஒரு பகுதி பிரெஞ்சுத் தேசியத் திரைப்பட மையம் கொடுத்த முன்பணம். பணத்தோடு மொழி நிபந்தனையும் வந்தது. ஆகவே அதே நடிகர்களை வைத்து அதே படத்தைப் பிரெஞ்சிலும் எடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு தெரியாததால் அலுவலகந்தோறும் அவமானப்படும் மனிதனின் கதையை, அவன் பிரெஞ்சிலேயே பேசும் இன்னொரு பிரதியாகவும் படமாக்கச் சொன்ன நிபந்தனை அது. அந்தப் பிரெஞ்சுப் பிரதி இன்று யார் நினைவிலும் இல்லை. வொலோஃப் பிரதியைத்தான் உலகமெங்கும் மீட்டெடுத்துப் போடுகிறார்கள்.

நமூர் போன்ற விழாக்களின் நல்ல குணம் இந்த நிபந்தனை தளர்ந்த பிறகு வந்தது. அதைப் புரிந்துகொள்ளப் பிரெஞ்சு பேசும் நாடுகளின் அமைப்பான பிராங்கோஃபோனியைப் பார்க்க வேண்டும். அதன் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1970 மார்ச் 20 அன்று நைஜரின் தலைநகர் நியாமேயில் அதன் முதல் வடிவத்தை உருவாக்க முன்னின்றவர்கள் செனகலின் செங்கோர், துனிசியாவின் புர்கிபா, நைஜரின் ஹமானி தியோரி, கம்போடியாவின் சிஹானூக். பழைய எஜமானனான பிரான்ஸுக்கு அப்போது இதில் பெரிய ஆர்வமில்லை. 1988 முதல் அந்த அமைப்பு தென்னாடுகளின் படங்களுக்கு ஒரு நிதி வைத்திருக்கிறது. இந்த அமைப்பில் உறுப்பு நாடாக இருக்கப் பிரெஞ்சு பேசும் மக்கள் பெருவாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ருமேனியா 1993 முதல் உறுப்பினர். வியட்நாம், எகிப்து, பல்கேரியா எல்லாம் உண்டு. லட்சக்கணக்கானோர் பிரெஞ்சு பேசும் அல்ஜீரியா இல்லை. புதுச்சேரியை வைத்திருக்கும் இந்தியாவும் இல்லை.

இப்படிப்பட்ட உறுப்பினர் பட்டியலைக் கொண்ட ஓர் உலகத்திலிருந்து படம் எடுக்கும் விழாவில் என்ன நடக்கும்? புக்கரெஸ்டிலிருந்து ருமேனிய மொழிப் படம் வரும், காசாபிளாங்காவிலிருந்து அரபி, பாமாகோவிலிருந்து பம்பாரா. பிரெஞ்சு மொழி விழாவின் பார்வையாளர் அரங்கில் உட்கார்ந்து பிரெஞ்சில் எழுத்து வாசிப்பார். கம்போடியரான ரித்தி பானின் 'காணாமற்போன படம்' (2013) இந்த உலகின் சரியான உதாரணம். கெமர் ரூஜ் முகாம்களில் தன் குடும்பம் அழிந்ததை அவர் களிமண் பொம்மைகளை வைத்துச் சொல்கிறார். கையால் தீட்டிய வண்ணம், அசையாத முகம், வயல் பள்ளத்தில் வரிசையாக நிற்கும் சிறு உருவங்கள். இடையிடையே அந்த ஆட்சியே எடுத்த பிரசாரப் படச் சுருளின் துண்டுகள். பின்னணிக் குரல் பிரெஞ்சில். அகதியாகப் போன நாட்டில் கற்ற மொழி அது. கெமர் மொழியில் சொல்லியிருந்தால் இந்தத் தூரம் கிடைத்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. பிரெஞ்சு இங்கே ஆட்சிமொழியாக இல்லாமல், நெருப்பைத் தொடாமல் எடுக்க உதவும் இடுக்கியாக வேலை செய்கிறது.

பிரான்ஸின் உள்ளே கணக்கு வேறு. அங்கே எது பிரெஞ்சுப் படம் என்பதை விமர்சகர்களுக்கு முன்னால் அலுவலகம் முடிவுசெய்கிறது. ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் தேசியத் திரைப்பட மையத்துக்குப் போகிறது. ஹாலிவுட் படத்துக்கு வாங்கிய டிக்கெட்டும் அடுத்த பிரெஞ்சுப் படத்துக்கு நிதியாகிறது என்பது இந்த ஏற்பாட்டின் அழகு. தொலைக்காட்சிகள் ஒளிபரப்பும் படங்களில் 60 சதவீதம் ஐரோப்பியப் படங்களாகவும், 40 சதவீதம் பிரெஞ்சை மூலமொழியாகக் கொண்டவையாகவும் இருக்க வேண்டும். 1990இல் வந்த ஆணை இதை வரையறுக்கும்போது, முழுவதுமோ பெரும்பகுதியோ பிரெஞ்சிலோ பிரான்ஸின் வட்டார மொழிகளிலோ இருக்க வேண்டும் என்றது. பிரெத்தோன் மொழிப் படம் இந்தக் கணக்கில் வரும். ஓக்சித்தான் வரும். பாரிஸின் லா ஷப்பேல் கடைத்தெருவில் காலை முதல் இரவுவரை ஒலிக்கும் தமிழ் வராது.

2015இல் ஜாக் ஓதியாரின் 'தீபன்' கானில் தங்கப் பனை வென்றபோது இந்த முரண் எல்லோர் கண்ணிலும் பட்டது. பிரெஞ்சு இயக்குநர், பிரெஞ்சுப் பணம், பாரிஸ் புறநகர்க் குடியிருப்பு. வசனத்தில் பெரும்பகுதி தமிழ். ஓதியாருக்குத் தமிழ் தெரியாது. தீபனாக நடித்தவர் ஷோபாசக்தி என்ற பெயரில் நமக்குத் தெரிந்த நாவலாசிரியர் அந்தோனிதாசன் யேசுதாசன். 1990களில் பிரான்ஸில் தஞ்சம் புகுந்தவர். அவருடன் சென்னையின் காளீஸ்வரி சீனிவாசன், சிறுமி குளோடின் வினாசித்தம்பி. படத்தில் ஒரு காட்சிமாற்றம் மறக்க முடியாதது. கப்பல் பயணத்துக்குப் பின் திரை இருட்டாகிறது. இருட்டில் சின்னச் சின்ன நீல ஒளிகள் மினுங்கி மெல்ல நெருங்குகின்றன. கிட்டே வந்ததும்தான் தெரிகிறது, அது பாரிஸ் தெருவில் இரவில் விளக்குப் பொம்மைகள் விற்பவன் தலையில் மாட்டியிருக்கும் பட்டை. புலிப்படையில் இருந்தவன் சுற்றுலாப் பயணிகளிடம் பொம்மை விற்கிறான். இதைச் சொல்ல அங்கே வசனமே தேவைப்படவில்லை. பிறகு, பள்ளிக்குப் போகும் சிறுமிதான் முதலில் பிரெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள். பெரியவர்கள் அவள் வாயைப் பார்த்து நிற்கிறார்கள். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் எதிலும் இந்தக் காட்சியை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. படத்தின் முடிவைப் பற்றி எனக்கு நிறையக் குறைகள் உண்டு, துப்பாக்கியும் கத்தியுமாக அது தடம் மாறுகிறது. ஆனால் மொழியைக் கையாண்ட விதத்தில் குறையில்லை. பிரான்ஸின் செசார் விருதுகளில் சிறந்த நடிகருக்கான பரிந்துரைப் பட்டியலில் கெரார் தெபார்தியூவுக்குப் பக்கத்தில் ஷோபாசக்தியின் பெயர் இருந்தது.

அதே ஆண்டு ஆஸ்கருக்குப் பிரான்ஸ் அனுப்பியது 'மஸ்டாங்', துருக்கி மொழிப் படம். 2024இல் அனுப்பியது ஸ்பானிய மொழியில் அமைந்த 'எமிலியா பெரெஸ்', அதுவும் ஓதியார் எடுத்ததே. 2025இல் ஜாஃபர் பனாஹியின் பாரசீக மொழிப் படம். எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 2004இல் ழான்-பியேர் ழூனே எடுத்த முதல் உலகப்போர்ப் படம் முழுக்கப் பிரெஞ்சு. பெரும்பாலான நடிகர்கள், கதை, மண் எல்லாம் பிரெஞ்சு. ஆனால் தயாரிப்பு நிறுவனம் வார்னர் பிரதர்ஸின் பினாமி என்று போட்டித் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட, பாரிஸ் நிர்வாக நீதிமன்றம் அதற்குத் தரப்பட்டிருந்த பிரெஞ்சு மானிய அங்கீகாரத்தை ரத்துசெய்தது. பிரெஞ்சு பேசிய படம் மானியக் கணக்கில் வெளிநாட்டுப் படமானது. தமிழ் பேசியது பிரெஞ்சுப் படமாகக் கான் மேடை ஏறியது.

இதையெல்லாம் பாசாங்கு என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொழியைக் காக்க ஒதுக்கீடு வேண்டும்; ஒதுக்கீட்டுக்கு வரையறை வேண்டும்; வரையறை எப்படி எழுதினாலும் ஏதாவது ஒரு படம் தவறான பக்கத்தில் விழும். மானிய அலுவலகத்தால் இதை விட்டுக்கொடுக்க முடியாது, அங்கே ஒருவருக்குக் கொடுப்பது இன்னொருவருக்கு இல்லாமல் போவது. விழாவால் முடியும். நமூரில் ஒரு பம்பாரா மொழிப் படத்தைச் சேர்த்துக்கொள்வதால் பிரெஞ்சுப் படம் எதுவும் மானியத்தை இழப்பதில்லை. அலுவலகம் இறுக்கிய முடிச்சை விழா தளர்த்துவது இந்தச் சுதந்திரத்தால்தான்.

ஆங்குலேம் விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரான்ஸின் தென்மேற்கிலுள்ள அந்த ஊர் 1974 முதல் சித்திரக்கதை விழாவுக்குப் பேர்போனது. 2008இல் நடிகர்களின் முகவராக இருந்த தொமினிக் பெனேயாரும் தயாரிப்பாளர் மாரி-பிரான்ஸ் பிரியேரும் முன்னின்று அங்கே பிரெஞ்சு மொழித் திரைவிழாவைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் கடைசியில், விடுமுறை முடிந்து பாரிஸ் திரையரங்குகள் புதுப் படங்களுக்குத் தயாராகும் நேரத்தில் நடக்கிறது. வெளியீட்டுக்கு முன்னோட்டம் பார்க்கும் விழா, வியாபாரத்துக்குப் பயனுள்ளது. பரிசின் பெயர் 'வலுவா', அந்த ஊரோடு உறவுள்ள அரசகுலத்தின் பெயர். அக்குலத்தின் முதலாம் பிரான்சுவா 1539இல் வில்லேர்-கோத்ரேயில் கையெழுத்திட்ட ஆணைதான் நீதிமன்றங்களில் லத்தீனை விலக்கிப் பிரெஞ்சை உட்கார வைத்தது. நமூரின் பரிசு சக்கரவர்த்தியிடமிருந்து தப்பிய குதிரை, ஆங்குலேமின் பரிசு அரசகுலம். இரண்டு விழாக்களின் குணமும் அநேகமாக இந்தப் பெயர்களுக்குள் அடங்கிவிடும்.

மாண்ட்ரியாலின் சினிமேனியா இன்னும் வேறு வகை. 1995இல் அது தொடங்கியபோது அதன் நோக்கம் பிரெஞ்சுப் படங்களை ஆங்கிலத் துணைத்தலைப்போடு காட்டுவது. பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் நகரத்தில், அதே தெருக்களில் வாழும் ஆங்கிலச் சிறுபான்மையினருக்காக ஒரு பிரெஞ்சுப் பட விழா. 1977இன் 101ஆம் சட்டத்துக்குப் பிறகு கடைப் பலகை முதல் பள்ளிவரை பிரெஞ்சைக் கட்டாயமாக்கிய கியூபெக் மாகாணத்தின் நகரம் அது. சட்டம் ஒரு பக்கம் பிரெஞ்சை வற்புறுத்துகிறது. திரையரங்கு மறுபக்கம் ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டு வரவேற்கிறது. பெயர்ப் பலகையைக் கட்டாயத்தால் மாற்றலாம், ரசனையை அப்படி மாற்ற முடியாது என்பதை அந்தச் சிறிய விழா புரிந்துவைத்திருந்தது.

கியூபெக்கின் பிரெஞ்சுக்குப் பிரான்ஸிலேயே துணைத்தலைப்பு தேவைப்படுவது இன்னொரு கூத்து. சேவியே தொலானின் 'மம்மி' 2014இல் பிரான்ஸில் வெளியானபோது அடியில் பிரெஞ்சிலேயே வசனம் ஓடியது. மாண்ட்ரியால் புறநகரின் தொழிலாளர் பேச்சு பாரிஸ் காதுக்கு எட்டவில்லை. அந்த ஆண்டு கானில் 'மம்மி'க்குக் கிடைத்த நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் எண்பதைத் தாண்டிய கொதார். அவர் படத்தின் பெயர், வேண்டுமென்றே வைத்ததுபோல், 'மொழிக்கு விடைகொடுப்போம்'.

இந்த விழாக்களின் மிகப்பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. நமூரில் கைதட்டு வாங்கிய செனகல் படத்தைச் செனகலில் பார்க்க வழி என்ன? 1980களிலும் 90களிலும் சர்வதேச நாணய நிதியம் சொன்ன கட்டமைப்புச் சீர்திருத்தங்களின் காலத்தில் பிரெஞ்சு ஆப்பிரிக்காவின் அரசுத் திரையரங்குகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன; பல, கிடங்காகவும் பிரார்த்தனைக் கூடமாகவும் மாறின. பிரெஞ்சு நிதி படம் எடுக்கப் பணம் கொடுத்தது, படம் பார்க்க இடம் கொடுக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் பிரெஞ்சுக் குழுமங்களே புதிய அரங்குகளைத் திறக்கின்றன. 2022இல் டக்காரில் பத்தே நிறுவனம் பல திரை அரங்கொன்றைத் திறந்தது. அங்கே எத்தனை வாரம் வொலோஃப் படம் ஓடும், எத்தனை வாரம் ஹாலிவுட் ஓடும் என்பது விழாக் குழுக்களின் கையில் இல்லை.

அரசியலும் மாறிவிட்டது. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றிலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பிரான்ஸுடனான உறவு முறிந்தது. மாலியும் புர்கினாவும் பிரெஞ்சை ஆட்சிமொழித் தகுதியிலிருந்து இறக்கி வெறும் பணிமொழியாக வைத்தன. 2025 மார்ச்சில் மூன்று நாடுகளும் பிராங்கோஃபோனி அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தன. அந்த அமைப்பு பிறந்த நியாமே நைஜரில் இருக்கிறது. ஃபெஸ்பாக்கோ நடக்கும் வாகடூகு புர்கினாவில் இருக்கிறது.

அறிவிப்புக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் 2025 ஃபெஸ்பாக்கோ முடிந்திருந்தது. யெனெங்காவின் தங்கக் குதிரையை வென்றது தானி குயாத்தேயின் 'கத்தாங்கா'. 1997க்குப் பிறகு முதன்முறையாக ஒரு புர்கினாப் படத்துக்கு அந்தப் பரிசு. ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' கதையை மோசி மக்களின் மூரே மொழியில், கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தார். அதிகாரத்தைச் சதியால் பிடித்தவன் அச்சத்தால் அழியும் கதை; ராணுவ ஆட்சி நடக்கும் நாட்டின் தலைநகரில், ஆங்கில நாடகத்திலிருந்து மூரேயில். இந்தப் படம் அபிஜானிலும் டக்காரிலும் ஓட வேண்டுமானால், பார்வையாளருக்கு மூரே தெரியாது என்பதால், அடியில் ஒரு வரி வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தப் பகுதியில் இப்போதைக்கு அந்த வரியைப் பிரெஞ்சில்தான் எழுதுகிறார்கள்.